இருபதுக்கு இருபது அடி: பள்ளிக் கட்டடமும் பாடம் நடத்தும் முறையும்

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில் இருக்கிறது அருள்புரம். சுற்றிலும் பனியன் கம்பெனிகள், சாயப்பட்டறைகள், அவற்றின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையம், வேலைக்கு வந்தவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள். இங்கே தையல் வேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் பவர்டேபிளுக்கும் தனி மோட்டார் மெஷினுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வார்கள். பவர்டேபிள் என்பது நீளமான ஒரே மேசை. அடியில் ஒரே தண்டு, அதைச் சுற்ற ஒரே மோட்டார். மேலே வரிசையாகப் பொருத்திய மெஷின்களை அசைக்க முடியாது. தனித்தனி மோட்டார் வைத்த மெஷின்கள் வந்த பிறகு நிலைமை மாறியது. புது ஸ்டைலில் ஆர்டர் வந்தால் எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று கணக்குப் போட்டு ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் மெஷின்களை நகர்த்தி லைனைத் திரும்ப அமைக்கிறார்கள். வேலை மாறினால் மெஷின் நிற்கும் இடமும் மாற வேண்டும் என்பது சூப்பர்வைசருக்கும் தெரியும், உதவிக்கு நிற்கும் கைமடிக்கும் தெரியும்.

அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு இந்த அறிவு இன்னும் போய்ச் சேரவில்லை. தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் பாடம் நடத்தும் முறை 2003க்குப் பிறகு பலமுறை மாறிவிட்டது. செயல்வழிக் கற்றல் வந்தது, படைப்பாற்றல் கல்வி வந்தது, முப்பருவமும் தொடர் மதிப்பீடும் வந்தன, இப்போது எண்ணும் எழுத்தும் நடக்கிறது. இவை அனைத்தும் பரவலாகக் காணும் அதே இருபதுக்கு இருபது அடி அறைக்குள்தான் நடந்தன. ஒரு பக்கம் கரும்பலகை, அதை நோக்கி வரிசைகள், ஒரு கதவு, இரண்டு மூன்று ஜன்னல். ஆசிரியர் நின்று பேச, பிள்ளைகள் உட்கார்ந்து கேட்பதற்காக அமைந்த அறை அது. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. வேறு எந்த முறையை உள்ளே கொண்டுவந்தாலும், கொஞ்ச காலத்தில் அறை அதைப் பழைய முறைக்கே திருப்பிவிடுகிறது. இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்.

'ப' வடிவம்

2025 ஜூலையில், மாணவர்களை 'ப' எழுத்தின் வடிவில் உட்கார வைக்கச் சொல்லித் தமிழகக் கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 'ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்' என்ற மலையாளப் படம் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளின் கதையைச் சொன்னதும், கேரளத்தில் சில பள்ளிகள் அந்தப் படத்தில் வருவதுபோலப் பெஞ்சுகளை மாற்றிப் போட்டதும் அதற்கு முன்னோடி. யோசனை நல்லது. எல்லோரும் முதல் வரிசை ஆகிவிடுகிறார்கள். ஆசிரியர் நடுவில் நடமாடலாம். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம். ஆனால் சில நாட்களிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது. கழுத்தைத் திருப்பியபடியே பலகையைப் பார்க்க வேண்டும், இடம் போதாது என்று எதிர்ப்புகள் எழுந்தன.

இடக் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு பெஞ்சும் மேசையும் சேர்ந்து ஐந்தடி நீளம், மூன்றடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். பலகைக்கு முன் ஐந்தடி விட்டால் இடது சுவரோரம் மூன்று பெஞ்சு போடலாம். பின் சுவரில் மூலைகள் போக இரண்டு. வலது சுவரில் கதவை விட்டால் இரண்டு. ஆக மொத்தம் ஏழு பெஞ்சு. மூன்று மூன்று பேராக இருபத்தொரு பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புக்குச் சொல்லும் கணக்கு முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். முப்பது பேருக்கே இந்த அறையில் 'ப' அடங்காது. நாற்பது பேர் இருந்தால் பேச்சே இல்லை. தோற்றது யோசனை என்று சொல்வது நியாயமாகாது. உட்காரும் வடிவத்தை மாற்றச் சொன்னவர்கள் அறையின் நீள அகலத்தைப் பார்க்கவில்லை.

திண்ணையிலிருந்து லண்டன் வரை

இந்த அறை நம் மண்ணில் என்றென்றும் இருந்ததில்லை. இதற்கு முன் இருந்தது திண்ணைப் பள்ளிக்கூடம். வீட்டு முகப்பிலோ கோயில் மண்டபத்திலோ ஒரு வாத்தியார், அவரைச் சுற்றி வெவ்வேறு வயதுப் பையன்கள், விரலால் எழுத மணல், கொஞ்சம் தேறியவனுக்குப் பனையோலை. வகுப்பு என்ற பிரிவே கிடையாது. ஒருவன் அரிச்சுவடியில் இருப்பான், பக்கத்தில் இருப்பவன் எண்சுவடி சொல்வான். பெரியவனான சட்டாம்பிள்ளை சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். திறந்த இடம், தாழ்ந்த தரை, கலந்த வயது என்ற மூன்றும் இருந்ததால்தான் அவரவர் வேகத்தில் படிக்க முடிந்தது. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு அந்தப் பள்ளியின் பிரம்பும் மனப்பாடமும் நினைவிருக்கும். அதை ஒரு பொற்காலமாக நான் சொல்லவில்லை. அந்தத் திண்ணையில் ஏற எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் இருக்கவில்லை. பெண் பிள்ளைகள் அரிது.

இந்தத் திண்ணைக்கு உலக வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1789இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகளுக்கான ராணுவ அநாதை இல்லத்துக்குக் கண்காணிப்பாளரான ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை வைத்தே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து கற்பித்தார். 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளியின் பெயர் இன்றும் மதராஸ் காலேஜ்.

அங்கே போனதும் முறைக்கு ஏற்ற கட்டடம் உருவானது. லண்டன் பரோ ரோட்டில் ஜோசப் லங்காஸ்டர் நடத்திய பள்ளி அதற்குப் பேர்போனது. ஒரே பெரிய கூடம், நடுவில் நீளமான பெஞ்சு வரிசைகள், சுவரோரமாக நடைபாதை. பிள்ளைகள் குழுக் குழுவாக அந்தப் பாதையில் அரைவட்டமாக நின்று, சுவரில் தொங்கும் அட்டையைப் பார்த்துச் சட்டாம்பிள்ளையிடம் பாடம் ஒப்பிப்பார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஆசிரியர். நம் திண்ணையில் இருந்த சக மாணவர் உதவி அங்கே ஆலைக் கூடத்தின் ஒழுங்காக மாறியது. பின்னர் வயதுவாரி வகுப்பும் வகுப்புக்கு ஒரு தனி அறையும் ஐரோப்பாவில் நிலைபெற்றன. 1854க்குப் பிறகு அரசு மானியம், ஆய்வாளர் வருகை, பாடப்புத்தகம், தேர்வு ஆகியவற்றோடு அந்த அறை நமக்குத் திரும்பி வந்தது. நாம் கொடுத்தது திறந்த திண்ணை. கிடைத்தது நான்கு சுவரும் ஒரு பலகையும்.

ஆனால் பெஞ்சுக்கு நம் ஊரில் வேறொரு பொருளும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. பள்ளியில் தனக்கென்று வீட்டிலிருந்து சாக்கு கொண்டுபோய், மற்றவர்களிடமிருந்து விலகி மூலையில் உட்கார்ந்ததை அம்பேத்கர் எழுதியிருக்கிறார். யார் எங்கே உட்கார வேண்டும் என்று சாதி தீர்மானித்த நாட்டில், எல்லோருக்கும் ஒரே பெஞ்சு என்பது பெரிய வெற்றி. இதைப் புரிந்துகொள்ளாமல் 'தரையில் உட்கார்ந்து படிப்பதே இயற்கை' என்று பெற்றோரிடம் பேசினால் அவர்கள் கேட்கமாட்டார்கள். அதற்கான உரிமை அவர்களுக்கு இருக்கிறது.

கம்பிப் பந்தல்

அறையின் உட்புறத்தை முறைக்காக மாற்றிய மிகப்பெரிய முயற்சிகளில் ஒன்று உலகத்தில் எங்கோ நடந்தது இல்லை, தமிழ்நாட்டில்தான் நடந்தது. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். ஆந்திரத்தில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலியின் கிராமப்புறக் கல்வி மையம் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறைதான் அடிப்படை. 2007-08இல் அது மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது.

அப்போது வகுப்பறைக்குள் நடந்த மாற்றங்களை இப்போது நினைத்துப் பார்த்தாலும் வியப்பாக இருக்கிறது. பெஞ்சுகள் வெளியேறின, பாய்கள் வந்தன. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார். சுவரின் அடிப்பகுதியில், உட்கார்ந்த பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், அறையைச் சுற்றிலும் கரும்பலகை பூசப்பட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் பெயர் எழுதிய ஒரு பகுதி. தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்கும் கம்பிகள் கட்டி அவர்கள் வரைந்ததையும் ஒட்டியதையும் தொங்கவிட்டார்கள். அதற்குக் கம்பிப் பந்தல் என்று பெயர். தட்டுகளில் அட்டைகள், சுவரில் கற்கும் வரிசையைக் காட்டும் ஏணிப்படிப் படம், வருகையைத் தானே குறிக்கும் அட்டவணை, வானிலை அட்டவணை. ஏணிப்படியில் தன் இடத்தைப் பார்த்து, அட்டையை எடுத்து, ஆசிரியரோடு இருக்க வேண்டிய குழுவா சக மாணவரோடு இருக்க வேண்டிய குழுவா என்று தெரிந்து பிள்ளை தானாக நகரும். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்கும் ஈராசிரியர் பள்ளிகளுக்கு இது பெரிய வரம்.

செலவைப் பாருங்கள். புதுக் கட்டடம் கட்டவில்லை. கரும்பலகைப் பூச்சு, கம்பி, பாய், தட்டு, அட்டை, அவ்வளவுதான். ஒரு முறைக்குத் தேவையான இடத்தைத் தரையிலும் சுவரின் கீழ் மூன்றடியிலும் தலைக்கு மேலும் கண்டுபிடித்தார்கள். இதை வடிவமைப்புச் சாதனை என்றே நான் மதிக்கிறேன்.

பிறகு அது ஏன் தேய்ந்தது? காரணங்கள் பல. அட்டை கிழிந்தால் புது அட்டை வரத் தாமதம், மேலதிகாரி மாற்றம், பயிற்சிக் குறைவு. தரையில் உட்காருவதைப் பெற்றோர் தாழ்வாக நினைத்தது ஒரு காரணம். அதன் வேரை மேலே சொன்னேன். இன்னொரு காரணம் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை: முறைக்காகச் செய்த மாற்றங்கள் கட்டடத்தின் வரைபடத்துக்குள் போகவே இல்லை. பூச்சு உதிர்ந்தபோது திரும்பப் பூச ஆள் இல்லை. அடுத்து எழுந்த புதுக் கட்டடத்தில் கரும்பலகை பழையபடி ஒரே சுவரில், ஆசிரியர் உயரத்தில் வந்தது.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாசிப்பதற்கும் பாடுவதற்கும் கைவேலைக்கும் தனித்தனி மூலைகள் வேண்டும். நான்கு மூலையுள்ள அறையில் ஒன்றில் பீரோவும் இன்னொன்றில் கதவும் இருந்தால் மீதி எத்தனை? இடையில் ஸ்மார்ட் போர்டு வேறு வந்திருக்கிறது. பிள்ளைகள் காணொளி பார்ப்பது நல்லதுதான். ஆனால் திரை மங்காமல் இருக்க ஜன்னலைச் சாத்துகிறோம், எல்லோரையும் திரும்பவும் ஒரே சுவரைப் பார்த்து உட்கார வைக்கிறோம்.

வெயில், சத்தம், மொழி

அறையின் வடிவத்தைவிட முந்திக் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. பிள்ளைக்கு ஆசிரியர் சொல்வது காதில் விழுகிறதா, எழுத்து கண்ணில் தெரிகிறதா, உட்கார முடிகிற சூடா?

இங்கிலாந்தில் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பீட்டர் பாரெட் குழு 27 பள்ளிகளில் 153 வகுப்பறைகளையும் அவற்றில் படித்த 3,766 பிள்ளைகளையும் ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டது. ஓராண்டில் பிள்ளைகள் அடைந்த முன்னேற்றத்தில் காணும் வேறுபாட்டில் 16 சதவீதத்தை வகுப்பறையின் தன்மைகளைக் கொண்டு விளக்க முடிந்தது. அதில் பாதி வெளிச்சம், வெப்பம், காற்று ஆகியவற்றால் வந்தது. மீதி, அறை பிள்ளைகளுக்குச் சொந்தமானதுபோல் இருக்கிறதா, மாற்றியமைக்க முடிகிறதா, நிறமும் காட்சியும் அளவோடு இருக்கின்றனவா என்பவற்றால். பளபளக்கும் வளாகத்தைவிட ஒவ்வொரு வகுப்பறையின் நிலைதான் அதிகம் கணக்கில் வந்தது என்பது நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. நம் ஊரில் பணம் முதலில் போவது முகப்பு வளைவுக்கும் சுற்றுச்சுவர் ஓவியத்துக்கும்தான்.

வெளிச்சம் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1999இல் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு ஒன்று, பகல் வெளிச்சம் மிகுந்த அறைகளில் பிள்ளைகள் கணக்கில் 20 சதவீதமும் வாசிப்பில் 26 சதவீதமும் வேகமாக முன்னேறினார்கள் என்றது. அதே குழு பின்னர் வேறு ஊரில் ஆராய்ந்தபோது அந்த அளவு தொடர்பு கிடைக்கவில்லை. கண்கூச்சமும் காற்றோட்டமும் சத்தமும் குறுக்கே நின்றன. ஜன்னலைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது, எந்தத் திசையில் என்பது முக்கியம்.

திருப்பூர்ப் பகுதிக்கு இந்தத் திசைக் கேள்வி தனிச் சிறப்புடையது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று வீசும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். பள்ளி திறக்கும் மாதங்களில் கிடைக்கும் இலவச விசிறி அது. ஆனால் பிற்பகல் வெயிலும் மேற்கிலிருந்துதான் வருகிறது. மேற்குச் சுவரை மூடினால் காற்று போச்சு. திறந்தால் வெயில் உள்ளே. இதற்கு நம் முன்னோர் கண்ட தீர்வு தாழ்வாரம். மேற்கே எட்டுப் பத்தடி அகலத் தாழ்வாரம் விட்டு, அதற்குள் ஜன்னல் வைத்தால் வெயில் வெளியே நிற்கும், காற்று உள்ளே வரும். நாம் கட்டுவதோ பெரும்பாலும் ஆள் நடக்க மட்டும் போதுமான நடைபாதை. அமெரிக்காவில் சுமார் ஒரு கோடி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை வைத்து 2020இல் வெளியான ஆய்வு, ஏ.சி. இல்லாத பள்ளிகளில் ஆண்டின் சராசரி வெப்பம் ஒரு டிகிரி பாரன்ஹீட் கூடினால் அந்த ஆண்டின் கற்றலில் ஒரு சதவீதம் குறைகிறது என்று கண்டது. 2023லும் 2024லும் வெயிலுக்காக நம் பள்ளிகள் திறக்கும் தேதியே தள்ளிப்போனது. காங்கிரீட் கூரைக்கு மேல் வெள்ளை ஓடு பதிப்பதும் மேற்கே இரண்டு வேம்பு நடுவதும் ஆடம்பரம் இல்லை.

சத்தம் பற்றித்தான் நம்மிடம் பேச்சே இல்லை. வகுப்பறைக்குள் பாடம் நடக்கும்போது பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது, எதிரொலி 0.6 வினாடிக்குள் அடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டியது. வழவழப்பான சிமெண்ட் சுவர், சிமெண்ட் தரை, காங்கிரீட் கூரை, கதவில்லாத ஜன்னல், ஓடும் மின்விசிறி, வெளியே நிட்டிங் மெஷினும் ஜெனரேட்டரும் பல்லடம் சாலை லாரியும். இந்த அறையில் ஆசிரியர் கத்தித்தான் பேச வேண்டும். மூன்று குழுக்கள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் எதிரொலி எதிரொலியோடு மோதும். 'குழுவாக உட்கார வைத்தால் ஒரே இரைச்சல்' என்று ஆசிரியர்கள் சொல்வதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கக் கூடாது. அவர்கள் கட்டடத்தின் குறையைச் சொல்கிறார்கள்.

இந்தப் பகுதியில் இரைச்சலால் மிகுதியாக இழப்பவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் இங்கே தமிழ்வழி வகுப்பில் உட்காருகிறார்கள். தாய்மொழியில் கேட்பவர், பாதிச் சொல் காதில் விழாவிட்டாலும் மீதியை ஊகித்துக்கொள்வார். புதிதாக ஒரு மொழியைக் கற்பவரால் அது முடியாது. சத்தம் அவரைக் கூடுதலாகத் தாக்கும் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெளிவான உண்மை. 'லகர ளகர ழகரம் வரவில்லை' என்று அந்தப் பிள்ளையைக் குறை சொல்லுமுன், மூன்றும் வேறு வேறாக அதன் காதில் விழுகிற அறையைக் கொடுத்தோமா?

இதற்குச் செலவு அதிகம் இல்லை. கூரையின் அடியிலும் பின் சுவரின் மேற்பகுதியிலும் ஒலியை உறிஞ்சும் பலகை பதித்தாலே பெரிய மாற்றம் வரும். பருத்திக் கழிவை அழுத்திச் செய்யும் பலகைகள் உலகில் இந்த வேலைக்குப் பயன்படுகின்றன. மூட்டை மூட்டையாகப் பனியன் வேஸ்ட் கிடக்கும் ஊர் இது. தீப்பிடிக்காத பக்குவம் செய்து அதைப் பலகையாக்குவது இங்குள்ள தொழில்நுட்பத்துக்கு எட்டாத காரியம் இல்லை.

லைன் வீட்டையும் சேர்த்து நினைக்க வேண்டும். தாய் தகப்பன் இருவரும் ஒன்றரை ஷிப்ட் பார்த்துத் திரும்பும்வரை, பத்துக்குப் பத்து ஒற்றை அறைக்கும் பொதுக் குழாயடிக்கும் இடையே இருக்கும் பிள்ளைக்கு, தனியாக உட்கார்ந்து படிக்க ஒரு மூலை கிடைக்கும் ஒரே இடம் பள்ளிதான். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, கொரோனாவுக்குப் பின் பிள்ளைகளை மாலையில் ஏதோ ஒரு திண்ணையில் சேர்த்து உட்கார வைத்தது. திண்ணையே இல்லாத லைன் வீட்டுப் பகுதிகளுக்குப் பள்ளித் தாழ்வாரம்தான் அந்தத் திண்ணை.

சுவர் பேசுவது

கட்டடத்தையே கற்றல் கருவியாக்கும் யோசனையை இந்தியாவில் விரிவாக வளர்த்தவர் தில்லிக் கட்டடக்கலைஞர் கபீர் வாஜ்பேயி. அவருடைய 'வின்யாஸ்' அமைப்பு யுனிசெஃப் துணையோடு இதை வழிகாட்டியாக்கியது. 'பாலா' என்ற சுருக்கப் பெயரில் அது பல மாநிலங்களுக்குப் போனது. கதவு திறக்கும் தரையில் கோணமானி வரைந்தால், கதவைத் திறக்கும்போதெல்லாம் முப்பது, அறுபது, தொண்ணூறு டிகிரி கண்ணில் படும். ஜன்னல் கம்பியை வளைவும் நெளிவுமாக அமைத்தால், எழுதத் தொடங்காத பிள்ளை விரலால் தடவிப் பழகும். படிக்கட்டில் எண்கள், சாய்தளத்தில் தூரம், தூணில் உயரம்.

நல்ல யோசனைகள். ஆனால் நம் ஊரில் இது கையில் கிடைத்ததும் பெயிண்டருக்கான வேலையாகிவிட்டது. சுவர் முழுக்க ரயில் பெட்டி, கார்ட்டூன், பழங்கள், தலைவர்கள், தேசிய சின்னங்கள். பாரெட் ஆய்வு சுவரில் ஒரு பகுதியாவது வெறுமையாக இருக்க வேண்டும் என்கிறது. படங்கள் நெருக்கிய அறையில் சின்னப் பிள்ளைகளின் கவனம் சிதறுவதை 2014இல் அமெரிக்க ஆய்வு ஒன்றும் காட்டியது. பெயிண்டர் வரைந்த ஒட்டகச்சிவிங்கி பத்து ஆண்டு அங்கேயே நிற்கும். கம்பிப் பந்தலில் பிள்ளை தொங்கவிட்ட கோணல் மீன் அடுத்த வாரம் இறங்கி, வேறொன்று ஏறும். இரண்டில் பிள்ளைக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

உலகில் மற்றவர்கள் பட்ட பாடும் நமக்கு உதவும். 1960களிலும் 70களிலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வகுப்பறைச் சுவர்களையே எடுத்துவிட்டுத் திறந்த கூடங்களாகப் பள்ளிகள் கட்டினார்கள். பிள்ளைகள் சுதந்திரமாக நகர்ந்து கற்பார்கள் என்ற நம்பிக்கை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி இல்லை, ஒரு குழுவின் சத்தம் அடுத்த குழுவைத் தின்றது. சில ஆண்டுகளில் பீரோவையும் தட்டியையும் வைத்து ஆசிரியர்களே சுவர் எழுப்பிக்கொண்டார்கள். அங்கே கட்டடம் முறையை முந்திப் போய்த் தோற்றது. இங்கே முறை கட்டடத்தை முந்திப் போய்த் தோற்கிறது.

இரண்டுக்கும் நடுவே நின்ற சில கட்டடங்கள் நீடித்திருக்கின்றன. அமெரிக்காவின் வின்னெட்கா ஊரில் 1940இல் திறந்த குரோ ஐலண்ட் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பறையும் எல் வடிவம். ஒரு கையில் பாடம், மடங்கிய இன்னொரு கையில் கைவேலை. நெதர்லாந்தின் டெல்ஃப்டில் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் 1960களில் கட்டிய மாண்டிசோரிப் பள்ளியும் அதே வடிவத்தை எடுத்துக்கொண்டது. அறைகளுக்கு வெளியே உள்ள நடையைத் தெருவைப்போல அகலமாக்கி, பிள்ளைகள் தனியாகவும் இருவராகவும் உட்கார்ந்து வேலை செய்ய அதில் இடங்கள் வைத்தார். மாண்டிசோரி அம்மையார் நமக்கு அந்நியர் இல்லை. 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். கைக்கு எட்டும் உயரத்தில் அலமாரி, பிள்ளையே தூக்கி நகர்த்தும் எடையில் மேசை என்பவை அவர் விட்டுச்சென்ற பாடங்கள். ஆசியப் பிள்ளைகளின் உடலளவுக்கும் நம் தட்பவெப்பத்துக்கும் ஏற்ற பள்ளிகளை ஆராய 1960களில் யுனெஸ்கோ துணையோடு கொழும்பிலேயே ஒரு நிறுவனம் இயங்கியது. அறிவு நமக்கு அருகிலேயே இருந்தது.

திருப்பூருக்கும் சொந்த மரபு உண்டு. கதர் இயக்கத்தின் பெரிய மையமாக இருந்த ஊர் இது. இங்கே பிறந்த தி.சு. அவினாசிலிங்கம் 1930இல் கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்து ஆதாரக் கல்வியைப் பரப்பினார். கைத்தொழில் வழியாகப் படிப்பு என்றால் நூற்க, நெய்ய, தோட்டம் போட இடம் வேண்டும். ஆதாரப் பள்ளி என்ற பெயர்ப் பலகை ஊர் ஊராக வந்தது, தொழிற்கூடமும் நிலமும் எல்லா ஊருக்கும் வரவில்லை. அந்தக் கல்வி மங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

பாதுகாப்பு என்ற பெயரில்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளி ஒன்றில் 94 குழந்தைகள் தீயில் இறந்தார்கள். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் இறங்கின. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். பழுதான கட்டடங்களை இடிக்க உத்தரவு வந்தது. இந்த இரண்டு முடிவுகளும் சரியானவை. யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் கும்பகோணம் சொன்ன பாடத்தில் கூரை ஒரு பாதிதான். குறுகிய படியும் வெளியேற வழியில்லாத நெருக்கமும் மறுபாதி. நாம் கீற்றை எடுத்துவிட்டு, பல இடங்களில் தகரக் கூரையையும் கம்பி அடைத்த ஜன்னலையும் ஒற்றைக் கதவையும் வைத்திருக்கிறோம். அறைக்கு இரண்டாவது கதவு, அகலமான தாழ்வாரம் என்ற இரண்டும் பிள்ளைகள் தப்பிப்பதற்கும் வழி, குழுவாகப் பிரிந்து படிப்பதற்கும் வழி. பாதுகாப்புக்கும் கற்றலுக்கும் ஒரே செலவில் பதில் கிடைக்கிற இடம் இது.

பணம் இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்று 2022-23 பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. திருப்பூர்ப் பகுதியில் கொடுக்க மனமுள்ள முதலாளிகளும் இருக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டம் எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற கட்டடம், ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, தடையில்லாத நுழைவு, தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், விளையாட்டிடம் என்று கேட்கிறது. கேட்பது எண்ணிக்கையைத்தான். அறைக்குள் எப்படிப் படிக்கப் போகிறார்கள் என்று அந்தப் பட்டியல் கேட்பதில்லை. கட்டுபவரும் கேட்பதில்லை. கட்டடம் ஐம்பது ஆண்டு நிற்கும். அதற்குள் பத்து முறை பாடத்திட்டம் மாறும்.

அருள்புரம் பக்கத்துப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பொறுப்பைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு உங்கள் குழுவிடம்தான் கொடுத்திருக்கிறது. அடுத்த வகுப்பறைக்குப் பூமி பூஜை போடுமுன் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மேற்கே எட்டடித் தாழ்வாரம் இருக்கிறதா, இரண்டு கதவு இருக்கிறதா, பிள்ளை கை எட்டும் உயரத்தில் சுற்றிலும் பலகை இருக்கிறதா, கூரையில் சத்தம் அடங்குமா, பெஞ்சுகளைப் பிள்ளைகளே நகர்த்த முடியுமா என்று கேளுங்கள். கம்பெனியில் லைன் செட்டிங் பார்க்கிறவர் உங்களில் ஒருவர் இருப்பார். டேப்பைக் கையில் கொடுத்து அவரையே அளக்கச் சொல்லுங்கள். இல்லை என்ற பதில் வந்தால், கையெழுத்துப் போடுமுன் தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதிவையுங்கள்.